தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை: ஊவாத் தோட்டக் குடும்பங்களில் பெற்றோர் – பிள்ளை உறவின் வரலாறு

‘தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன்’ என்பது தமிழ் மக்களிடையே பெருவழக்காயுள்ள பழமொழி. பிள்ளை வளருந்தோறும் பெற்றோர் தம் அதிகாரத்தின் பிடியைத் தளர்த்தி, ஏவுதலை விடுத்துக் கலந்து பேசும் நிலைக்கு வருதல் வேண்டும் என்பதே அதன் உட்கிடை. ஆயின் அத்தளர்வு எவ்வயதில் நிகழ்கின்றது, அவ்வயதைத் தீர்மானிப்பவர் யாவர் என்னும் வினாக்களுக்குப் பழமொழி விடை கூறுவதில்லை. அவற்றுக்கான விடையைச் சமூக வரலாற்றிலேயே தேடுதல் வேண்டும்.

குழந்தைப் பருவத்துக்கும் முதிர்ந்த பருவத்துக்கும் இடைப்பட்ட நிலையைத் தமிழர் நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை எனப் பெண்ணின் பருவங்களை வகுத்துப் பெயரிட்ட மரபு அவ்வறிவின் வெளிப்பாடாகும். எனினும் கட்டிளமைப் பருவம் என இன்று உளவியலார் குறிப்பிடும் பருவம் தனியொரு வாழ்க்கைக் கட்டமாக ஆராயப்படத் தொடங்கியது அண்மைக் காலத்திலேயே. அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி ஹோல் 1904ஆம் ஆண்டு வெளியிட்ட பெருநூல் இத்துறையில் ஒரு தொடக்கமாகக் கொள்ளப்படும். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பிலிப் ஆரியே 1960இல் வெளியிட்ட ஆய்வு, குழந்தைப் பருவம் பற்றிய கருத்தே காலத்துக்குக் காலம் மாறியமைந்தது என வாதிட்டது. பிள்ளை உழைக்க வேண்டிய கட்டாயம் நீங்கிக் கல்வி நீண்ட இடங்களிலேயே கட்டிளமைப் பருவம் என்னும் ஓய்விடைவெளி தோன்றிற்று என்பது இவ்வகை ஆய்வுகளால் அறியப்படும் பொதுவுண்மை.

இவ்வுண்மையை இலங்கையின் ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் வைத்து நோக்குதல் பயனுடையது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்ட மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானோர் மலையகத் தமிழராவர். இம்மக்களிடையே பிள்ளை வளர்ந்து இளைஞனாகும் வயதைப் பெற்றோர் தீர்மானித்த காலம் மிகக் குறைவு. ஒரு காலத்தில் கங்காணியும், பின்னர் செக்றோலும், அதன்பின் பிரசாவுரிமைச் சட்டமும், இறுதியிற் சந்தையுமே அதனைத் தீர்மானித்து வந்தன. அவ்வரலாற்றினூடே பெற்றோர் தமக்கெனச் சிறிது சிறிதாக ஈட்டிக்கொண்ட உரிமை எத்தகையது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கங்காணியின் காலம்

ஊவாவின் மலைச்சரிவுகளிற் கோப்பி பயிரிடப்பட்ட 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழகத்திலிருந்து வந்தோருட் பெரும்பாலோர் பருவகாலத் தொழிலாளராகிய ஆடவர். அறுவடை முடிந்ததும் அவர்கள் ஊர் திரும்பினர். குடும்பம் கடலுக்கு அப்பால் இருந்தது. கோப்பி இலைகளைத் தாக்கிய பங்கசு நோய் 1869இல் மடுல்சீமைப் பகுதியிலேயே முதன்முதலிற் கண்டறியப்பட்டது. அடுத்த இருபதாண்டுகளுக்குள் கோப்பி அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து அப்புத்தளைப் பகுதியில் தம்பத்தனை முதலான தோட்டங்களை வாங்கினார். 1894இற் பண்டாரவளையை எட்டிய இருப்புப் பாதை 1924இற் பதுளையை அடைந்தது.

கோப்பியிலிருந்து தேயிலைக்கு நேர்ந்த இம்மாற்றம் குடும்ப அமைப்பிலும் ஒரு திருப்பமாகும். தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் தளிர்ப்பது. குறித்த நாட்களுக்கொரு முறை எடுக்கப்பட வேண்டியது. ஆகவே நிலையாகத் தங்கும் தொழிலாளர் தேவைப்பட்டனர். பெண்களின் கைகள் சிறப்பாகத் தேவைப்பட்டன. குடும்பம் குடும்பமாக ஆட்சேர்ப்பு நிகழ்ந்தது. இதன் விளைவாகவே லயத்திற் பிறந்து லயத்தில் வளரும் பிள்ளை என்னும் புதிய தலைமுறை ஊவாவில் உருவாயிற்று.

இப்பிள்ளையின் மீது தந்தைக்கிருந்த அதிகாரம் முழுமையானதன்று. தொழிலாளரைத் திரட்டி வந்தவனும், அவர்தம் கடனைக் கையில் வைத்திருந்தவனும் கங்காணியே. வேலைக்கு வந்த தலை ஒவ்வொன்றுக்கும் அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. எனவே லயத்தில் வளரும் ஒவ்வொரு பிள்ளையும் விரைவிற் பிரட்டுக்களத்துக்கு வருதல் கங்காணிக்கு ஆதாயமாயிற்று. கடனிற் கிடந்த குடும்பத்துக்கோ அது தவிர்க்க முடியாததாயிற்று. கடனைச் சுமந்தபடி தொழிலாளர் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றப்பட்ட துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஒழிக்கப்படும் வரை, பிள்ளையின் உழைப்பும் பெற்றோரின் கடனும் பிரிக்கவியலாதனவாகவே இருந்தன.

களை பிடுங்குதல், தவறணையில் நாற்றுக்களைப் பராமரித்தல், தாயின் நிரையில் நின்று கொழுந்து கிள்ளுதல் ஆகியன சிறுவர்க்குரிய வேலைகள். இந்நிலையிற் பெற்றோரின் கண்டிப்புக்கும் தொழிலிடக் கண்டிப்புக்கும் வேறுபாடு மங்கிப்போயிற்று. மலையில் மகனை அதட்டிய தந்தை, தன் பிள்ளையைத் திருத்தியதோடு கங்காணியின் ஏச்சிலிருந்து அவனைக் காத்தவனுமானான். ‘தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன்’ என்னும் பழமொழி இங்கு மற்றொரு பொருளைப் பெற்றது. தோள் உயரத்துக்கு வளரு முன்னரே பிள்ளை தொழிற்றோழனாயினான்; ஆனால் அத்தோழமை உரிமையாற் பிறந்ததன்று, வறுமையாற் பிறந்தது.

பத்து வயது என்னும் எல்லை

பிள்ளைப் பருவத்துக்கு அரசு வரைந்த முதல் எல்லைக்கோடு 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் சட்டத்திற் காணப்படுகின்றது. ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடைப்பட்ட தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் கடமையை அது தோட்ட நிர்வாகத்தின்மேற் சுமத்தியது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் இக்கடமையை மேலும் வலியுறுத்தியது. ஆயினும் நடைமுறையில் ஓர் ஆசிரியர், ஓரறைக் கட்டடம், முறையற்ற வரவு என்பனவே தோட்டப் பாடசாலையின் இலக்கணமாய் அமைந்தன.

இங்கு ஓர் ஒப்புநோக்கு அவசியமாகின்றது. இலங்கையை ஆண்ட பிரித்தானியா, தன் நாட்டுப் பிள்ளைகள் பாடசாலையை விட்டு விலகும் வயதை 1893இற் பதினொன்றாகவும் 1899இற் பன்னிரண்டாகவும் உயர்த்தியிருந்தது. அதன்பின் எட்டாண்டுகள் கழித்துத் தோட்டப் பிள்ளைக்குப் பத்தாவது வயதிலேயே கல்வியின் கதவு அடைக்கப்பட்டது. லண்டனிலும் மன்செஸ்டரிலும் பிள்ளைப் பருவம் நீண்டுகொண்டு சென்றபோது, அங்குள்ளோர் அருந்திய தேநீரை விளைவித்த மலைகளில் அது பத்துடன் முடிந்தது.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் ஆண், பெண், சிறுவர் என மூன்று தரங்களாகக் கூலி வகுக்கப்பட்டமை இதன் தொடர்ச்சியேயாகும். சிறுவனின் உழைப்புக்குச் சட்டமே ஒரு விலையை வைத்தது. சிறுவர் கூலியிலிருந்து பெரியவர் கூலிக்கு மாறும் நாளே தோட்டத்து இளைஞனின் பருவ மாற்றத்தை அறிவித்தது எனலாம். ‘பேர் பதிதல்’ என்பது தோட்டங்களில் வழங்கும் தொடர். செக்றோலிற் பெயர் பதியப்பட்டவனுக்கு அரிசியும் கூலியும் உண்டு. லயத்திற் காம்பரா பெறும் தகுதியும் உண்டு. வீட்டிலும் அவனுடைய நிலை உயர்ந்தது. சம்பள நாளில் அவனுக்கென ஒரு சிறு தொகை ஒதுக்கப்பட்டது. அவன் சொல்லுக்குச் செவிகொடுக்கப்பட்டது. ஏனைய சமூகங்களிற் படிப்படியாக நிகழும் பருவ மாற்றம் இங்குப் பேரேட்டின் ஒரு வரியில் நிகழ்ந்து முடிந்தது.

1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியதும், 1940இல் ஊவாவின் வேவெஸ்ஸைத் தோட்ட வேலைநிறுத்தம் முதலான போராட்டங்கள் நிகழ்ந்ததும் இவ்வுறவிற் புதியதோர் இழையைச் சேர்த்தன. கங்காணிக்கு அஞ்சி வாழ்ந்த தலைமுறையின் பிள்ளைகள் தொழிற்சங்கத் தலைவரின் சொல்லைக் கேட்கத் தொடங்கினர். தந்தை கைகட்டி நின்ற இடத்தில் மகன் கைகட்ட மறுத்தான். தலைமுறை முரண்பாடு என இன்று கூறப்படுவது ஊவாத் தோட்டங்களில் முதன்முதலில் உடையிலோ உணவிலோ தோன்றவில்லை. அது துரையின் முன் நிற்கும் முறையிலே தோன்றிற்று.

பச்சைக் குடிசையும் பிரட்டுக்களமும்

பெண் பிள்ளையின் வரலாறு சற்று வேறானது. மகள் பூப்பெய்தியதும் தாய்மாமன் பச்சையோலையாலும் குழையாலும் குடிசை கட்டுதல், குறித்த நாளிற் தலைக்குத் தண்ணீர் வார்த்தல், மாமன் சீர் கொணர்தல் ஆகிய சடங்குகள் தமிழகத்திலிருந்து வந்து தோட்டத்தில் நிலைபெற்றவை. சாதி, ஊர், உறவு என்பன சிதைந்த புதிய மண்ணில் உறவின் வலைப்பின்னலை ஆண்டுதோறும் புதுப்பித்துக் கொள்ளும் வாய்ப்பாகவும் இச்சடங்குகள் அமைந்தன. கடன் பட்டேனும் சடங்கைச் சிறப்பிக்கத் தோட்டத்துப் பெற்றோர் முனைந்தமைக்கு இதுவே காரணமாகும்.

ஆயின் சடங்கு முடிந்த சின்னாட்களில் அப்பெண் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குச் சென்றாள் என்பதே இங்குச் சிந்திக்கத்தக்கது. யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கக் குடும்பத்திற் பூப்பெய்திய மகள் வீட்டுக்குள் ஒடுக்கப்பட்டாள். தோட்டத்திலோ குமரியைப் பூட்டி வைக்கும் ஆற்றல் பெற்றோர்க்கு இருக்கவில்லை. அவளுடைய பெயர் செக்றோலில் வேண்டப்பட்டது. காவலும் வேண்டும், கூலியும் வேண்டும் என்னும் இரண்டு நெருக்கடிகளுக்கிடையே தாய் கண்ட வழி மகளைத் தன் நிரையிலேயே நிறுத்திக்கொள்வது. தாயும் மகளும் அருகருகே கொழுந்து எடுக்கும் காட்சியைப் பயணிகள் அழகெனக் கண்டனர். அது ஒரு காவல் முறையுமாகும்.

மூத்த மகளின் பொறுப்பு இதற்கும் முன்னரே தொடங்கிற்று. காலைப் பிரட்டுக்குத் தாய் சென்றபின் கைக்குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவிற் சேர்ப்பதும், அது இயலாதவிடத்துத் தானே பார்த்துக்கொள்வதும், பீலியில் நீர் பிடிப்பதும், விறகு சேர்ப்பதும் எட்டு, ஒன்பது வயதுப் பெண்ணின் கடமைகள். தங்கை தம்பியரைப் பொறுத்தவரை அவளே தாய். பாடசாலைப் பதிவேட்டில் முதலில் மறைந்த பெயர் பெரும்பாலும் அவளுடையதே.

மணம் பற்றிய சட்டமும் பெண் பிள்ளைக்குப் பாதுகாப்பளிக்கவில்லை. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுச் சட்டம் பெண்ணின் குறைந்தபட்ச மணவயதைப் பன்னிரண்டாகவே கொண்டிருந்தது. இருபாலார்க்கும் பதினெட்டு என அது திருத்தப்பட்டது 1995ஆம் ஆண்டிலேயே.

வளர்ந்த பிள்ளைகளோடு வாழும் பெற்றோரின் துன்பத்துக்கு இருப்பிடமும் ஒரு பெருங்காரணம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினதான காம்பராவும் முன்னே ஓர் இஸ்தோப்புமே பல குடும்பங்களின் வீடு. அதற்குள் பெற்றோர், வளர்ந்த மகள், வளர்ந்த மகன், சிலவேளை மணமான மகனும் மருமகளும் இரவைக் கழிக்க நேர்ந்தது. பதுளையை அடுத்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இற் பிறந்து, தோட்டப் பாடசாலை ஆசிரியராய் விளங்கி, 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப், ஒற்றைக் காம்பரா வாழ்க்கையின் இவ்வவலத்தை ‘மீன்கள்’ என்னும் சிறுகதையிற் பொருளாக்கினார். தனிமை என்பது பருவ வயதினர்க்கும் பெற்றோர்க்கும் ஒருங்கே தேவையான ஒன்று. அதனை மறுத்த கட்டட அமைப்பு, ஒழுக்கம் பற்றிய கண்டிப்பைப் பெற்றோர் வாயளவில் உரைக்க மட்டுமே இடந்தந்தது.

பத்திரங்கள் பிரித்த குடும்பம்

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிற் பதுளைத் தொகுதியிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரசின் எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் சென்றார். தோட்டத்துப் பெற்றோர் அத்தேர்தலில் வாக்களித்தனர். அடுத்த இரண்டாண்டுகளுள் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டமும், 48ஆம் இலக்கத் தேர்தற் திருத்தச் சட்டமும் நிறைவேறின. பெற்றோர் ஒரு முறை பயன்படுத்திய வாக்குரிமை அவர்தம் பிள்ளைகளுக்கு முதுசொமாக வரவில்லை.

இச்சட்டங்கள் குடும்ப உறவின் உள்ளே புகுந்து செயற்பட்ட விதம் போதிய அளவு ஆராயப்படவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் பிரசாவுரிமையைத் தந்தைவழியாகவே வரையறுத்தது. பிள்ளையின் உரிமை தந்தையின் பிறப்புக்கான சான்றிலே தங்கியிருந்தது. பிறப்புப் பதிவே அரிதாயிருந்த தோட்டத்தில், பாட்டன் எங்குப் பிறந்தான் என்பதை மெய்ப்பிக்க இயலாத தந்தை, மகனுக்குக் கொடுக்கக்கூடிய ஒரே முதுசொத்தையும் இழந்தான். வளர்ந்த மகன் தந்தையிடம் கேட்ட கேள்வி, ‘எனக்கு ஏன் பத்திரம் இல்லை?’ என்பதாயிற்று. அக்கேள்விக்கு விடை தந்தையின் கையில் இருக்கவில்லை. எனினும் வீட்டில் அதற்குப் பதில் கூற வேண்டியவன் அவனே.

1964 ஒக்டோபர் 30ஆம் நாளிற் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 மக்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974இல் முடிவாயிற்று. எண்களாக நோக்கின் இது கணக்குத் தீர்த்தல். குடும்பமாக நோக்கின் இது பாகப்பிரிவினை. பராயமடையாத பிள்ளைகள் பெற்றோரின் விண்ணப்பத்திலேயே அடங்கினர். அவர்களுடைய விருப்பம் கேட்கப்படவில்லை. பராயமடைந்தோர் தனித்து விண்ணப்பித்தனர். இதனால் ஒரே காம்பராவில் வளர்ந்த அண்ணனும் தம்பியும் இரு நாட்டவராயினர். பெற்றோர் இந்தியப் பத்திரத்துடனும் மூத்த மகள் இலங்கைப் பத்திரத்துடனும் நின்ற குடும்பங்கள் பல.

மணப்பேச்சிலும் பத்திரம் புகுந்தது. மாப்பிள்ளையின் குணம், குலம், தொழில் ஆகியவற்றோடு அவன் எந்நாட்டுப் பத்திரம் உடையவன் என்பதும் கேட்கப்பட்டது. மகளைத் தம்மோடு இந்தியாவுக்கு அழைத்துச் செல்வதா, இங்கேயே மணம் முடித்துக் கொடுத்துவிட்டுச் செல்வதா என்னும் முடிவைப் பெற்றோர் எடுக்க நேர்ந்தபோது, பருவ வயது மகளை வளர்த்தல் என்பது அவளை எந்நாட்டில் விட்டுச் செல்வது என்னும் பொருளைப் பெற்றது. பதுளையிலும் பண்டாரவளையிலும் கோச்சியேறித் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேஸ்வரமும் மண்டபமும் சேர்ந்தவர்களுட் பலர், தாம் விட்டுச் சென்ற பிள்ளைகளை மீண்டும் காணவில்லை.

1973–74 காலத்து உணவுத் தட்டுப்பாடு இத்துயரை மேலும் கூட்டியது. தோட்டங்களிற் பட்டினியும் சாவும் பெருகிய அவ்வாண்டுகளிற் பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து நிறுத்தி வீட்டு வேலைக்கெனக் கொழும்புக்கும் கண்டிக்கும் அனுப்பிய பெற்றோர் பலர். இதனைப் பெற்றோரின் பொறுப்பின்மை எனக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஒரு வாயைக் குறைத்து ஏனைய வாய்களைக் காத்தல் என்பதே அன்றைய பெற்றோர்க்கு எஞ்சியிருந்த தெரிவு. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களோ வளர்ந்த மகனை மற்றொரு வகையிற் பெற்றோரின் அச்சத்துக்குரியவனாக்கின. 1983 யூலையிற் பதுளை நகர் எரிந்தது. அதன்பின் வந்த ஆண்டுகளில், மாலையில் வீடு திரும்பாத மகன் எங்குச் சென்றான் என்பதைவிட, எங்குக் கொண்டுசெல்லப்பட்டான் என்பதே பெற்றோரின் முதல் ஐயமாயிற்று. 2000 ஒக்டோபர் 25ஆம் நாள் பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவப் புனர்வாழ்வு முகாமிற் தமிழ் இளைஞர் படுகொலை செய்யப்பட்டமை அவ்வச்சம் வீணானதன்று என்பதை உணர்த்திற்று.

கையெழுத்திடும் பிள்ளை

1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும், 1960–61இற் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் புறத்தே நின்றன. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையானதை அடுத்தே 1970களில் அப்பாடசாலைகள் படிப்படியாக அரசின்கீழ் வந்தன. 1980களிற் சுவீடன் முதலான நாடுகளின் உதவியுடன் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் மேம்பட்டன. தோட்டத்திற் பிறந்த இளைஞரே ஆசிரியராக நியமனம் பெற்றனர். 1998இல் ஐந்து முதற் பதினான்கு வயது வரை கட்டாயக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 2016இல் மேலெல்லை பதினாறாக உயர்ந்தது. வேலைக்கமர்த்தும் குறைந்தபட்ச வயதும் 2021இற் பதினாறாயிற்று. பத்தில் முடிந்த பிள்ளைப் பருவம் பதினாறு வரை நீள ஒரு நூற்றாண்டுக்கு மேற் சென்றது.

இம்மாற்றத்தின் விளைவாகவே, தோட்டத்தில் உழைக்காத வளர்ந்த பிள்ளை முதன்முதலாக லயத்திற் பெருந்தொகையாகத் தோன்றினான். அவனை எவ்வாறு வளர்ப்பது என்பதற்குப் பெற்றோரிடம் முன்னனுபவம் இருக்கவில்லை. பதினான்கு வயதில் தாம் கூடையும் முள்ளும் ஏந்தியவர்கள். பதினான்கு வயது மகனோ பதுளைக்கோ பசறைக்கோ பஸ்ஸிற் சென்று படிக்கின்றான். அவன் உறங்கும் நேரம், நண்பர், உடை, செலவு ஆகிய யாவும் அவர்களுக்குப் புதியன. பள்ளியறிவு குறைந்த தாய் பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையைப் பிள்ளையிடமே கொடுத்து வாசிக்கச் சொல்லும் நிலை எழுந்தது. அவன் வாசித்ததை நம்புவதன்றி அவளுக்கு வேறு வழியில்லை.

இதனோடு மற்றொரு புரள்வும் நிகழ்ந்தது. வங்கிப் படிவம், ஊழியர் சேமலாப நிதிக்கான விண்ணப்பம், மருத்துவமனைச் சீட்டு, பிரதேச செயலகக் கடிதம் ஆகியவற்றை நிரப்புபவன் பருவ வயதுப் பிள்ளையே. சிங்களம் பேச வேண்டிய இடத்திற் பெற்றோரின் நாவாக நிற்பவனும் அவனே. பெற்றோர் உழைத்துப் பிள்ளையைக் காக்க, பிள்ளை எழுத்தறிவாற் பெற்றோரைக் காக்கின்றான். அதிகாரம் இவ்வாறு பகிரப்பட்ட வீட்டிற் பழைய அதட்டல் செல்லாது. பழமொழி கூறிய தோழமை முதன்முறையாக வறுமையின் கட்டாயத்தாலன்றிக் கல்வியின் காரணமாகத் தோன்றியது இக்கட்டத்திலேயே.

எனினும் அத்தோழமை இன்னும் உறுதி பெறவில்லை. க.பொ.த. சாதாரண தரத்தில் ஒன்றிரண்டு பாடங்களிற் தவறிய பிள்ளை, தோட்ட வேலைக்குச் செல்ல நாணுகின்றான். வேறு வேலை அருகில் இல்லை. ‘படித்தும் பயனில்லையே’ என்னும் தந்தையின் சொல்லும், ‘உங்களைப் போலக் கஷ்டப்பட மாட்டேன்’ என்னும் மகனின் சொல்லும் அங்கு மோதுகின்றன. இரண்டும் ஒரே விருப்பத்தின் இரு வடிவங்கள் என்பதை இருவரும் எளிதில் உணர்வதில்லை. தன் பிள்ளை கூடை சுமக்கலாகாது என்பதே தந்தையின் விருப்பமும் ஆகும்.

வெளியே சென்ற தாய்

பெண்ணுக்கும் ஆணுக்கும் சம கூலி 1984இற் கிடைத்தது. ஆயினும் அக்கூலி விலைவாசியைத் தொடரவில்லை. 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றபின் வேலை நாட்கள் உறுதியற்றனவாயின. இளைஞர் கொழும்பின் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் சென்றனர். தாய்மாருட் பலர் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்றனர்.

தாயின் நிரையில் நின்று காவல் பெற்ற மகளின் நிலை இங்குத் தலைகீழாயிற்று. தாய் பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் மற்றொருவரின் பிள்ளைகளை வளர்க்க, அவள் மகள் லயத்திற் பாட்டியுடன் வளர்கின்றாள். 2013ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த குடும்பப் பின்னணி அறிக்கை விதி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையை உடைய தாய் வெளிநாடு செல்வதைத் தடுத்தது. அதற்கு மேற்பட்ட வயதினர்க்குப் பாதுகாவலர் ஒருவரைக் காட்டினாற் போதுமென்றது. பின்னர் அவ்வயதெல்லையும் தளர்த்தப்பட்டது. குழந்தைக்கே தாய் தேவை, வளர்ந்த பிள்ளைக்கு எவரேனும் போதும் என்னும் எண்ணம் இவ்விதியின் அடியில் உறைந்துள்ளது. உண்மையிற் பதின்மூன்று வயது மகளுக்குத் தாயின் தேவை குறைவதில்லை. அத்தேவையின் தன்மையே மாறுகின்றது. ஊட்டவும் உடுத்தவும் தாய் வேண்டியதில்லை. கேட்கவும் நம்பவும் வேண்டும். அதனைக் கைத்தொலைபேசி ஓரளவே நிறைவு செய்கின்றது.

பெற்றோர் அருகிலிருந்தும் அவர்களை இழக்கும் இடரும் இம்மலைகளில் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையிற் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதையுண்டபோது, பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். அவர்களுட் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. பிள்ளை படிக்க வேண்டும் என்னும் பெற்றோரின் உறுதி அவர்களைக் காத்தது. அப்பெற்றோரை ஆபத்தான சரிவில் வாழவைத்த இருப்பிட முறை அவர்களைக் காக்கவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓருண்மை புலனாகின்றது. பிள்ளை வளர வளரப் பெற்றோரியம் மாறும் என்பது எங்குமுள்ள நியதி. ஆயின் அம்மாற்றத்துக்கு வேண்டிய காலமும் இடமும் தனிமையும் எல்லாச் சமூகத்துக்கும் ஒரே அளவிற் கிடைப்பதில்லை. ஊவாத் தோட்டத்துத் தலைமுறைகளுள் முதலாவது தலைமுறைக்குப் பத்து வயதுக்குப் பின் வளர்ப்பதற்குப் பிள்ளை கிடைக்கவில்லை; தொழிலாளியே கிடைத்தான். அடுத்த தலைமுறையின் பிள்ளைகளை நாடுகள் பங்கிட்டன. அதற்கடுத்த தலைமுறைக்குப் பிள்ளை கிடைத்தது. அதனை வளர்க்கும் முறையை அருகிலிருந்து கற்பிப்பார் கிடைக்கவில்லை.

இன்று தோட்டத்து இளைஞர் கட்டுப்பாடற்றவர் எனவும், பெற்றோர் அக்கறையற்றவர் எனவும் கூறுவோர் உளர். இக்கூற்று வரலாற்றை மறந்த கூற்று. நூற்றாண்டுக் காலம் பிறர் கையிலிருந்த பெற்றோர் அதிகாரம் இப்பொழுதுதான் பெற்றோரின் கைக்கு வந்திருக்கின்றது. வந்த கணத்திலேயே அதனைப் பிள்ளையோடு பகிர்ந்துகொள்ளும் கட்டாயமும் சேர்ந்து வந்துள்ளது. இரண்டையும் ஒருங்கே கற்பது எளிதன்று. லயத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்துள்ள மாணவர் ஒவ்வொருவரின் பின்னும் இக்கல்வியைத் தாமே கற்றுக்கொண்ட ஒரு தாயோ தந்தையோ உளர். தனி வீடும், அருகில் உயர்தர வகுப்பும், வாழ்வதற்குப் போதிய கூலியும் கிடைக்குமாயின், தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளையைத் தோழனாக ஏற்கும் பெற்றோர் ஊவாவின் மலைகளிற் பெருகுவர் என்பதில் ஐயமில்லை.